ரோபோ மூட்டு மோட்டாருக்கு காயில் கட்டுவது: பீன்யா பட்டறைக்கு வரும் கேள்விகள்

கோவையில் பம்ப் மோட்டார் ரீவைண்டிங் கடையில் தொழில் பழகியவன் நான். இப்போது பெங்களூரு பீன்யாவில் ஒரு சிறிய ஷெட்டில் ரோபோ கை, கால்களுக்கான மோட்டார் ஸ்டேட்டர்களுக்கு காயில் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஓசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் ரீவைண்டிங் கடைக்காரர்கள் வருகிறார்கள். இங்குள்ள கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளும், ஸ்டார்ட்அப் வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான் என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

மூட்டு மோட்டார் என்கிறீர்களே, அது என்ன தனி ஜாதியா?

பம்ப் மோட்டாருக்கு பாடி, ஷாஃப்ட், பேரிங், ஃபேன் எல்லாம் உண்டு. ரோபோவின் முழங்கைக்குள் போகும் மோட்டாருக்கு பெரும்பாலும் இவை எதுவும் இருக்காது. சுற்றாமல் நிற்கும் ஸ்டேட்டர் ஒரு வளையம், காந்தம் ஒட்டிய, சுற்றுகிற ரோட்டர் இன்னொரு வளையம். ஸ்டேட்டரின் பற்களில்தான் காயில் ஏறும், இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் ஸ்லாட். இரண்டையும் ரோபோ செய்பவர் தன் மூட்டுக்குள்ளேயே பொருத்திக்கொள்வார். நடுவில் பெரிய துளை இருக்கும். ஒயரெல்லாம் அதன் வழியாகப் போகும்.

வகையைச் சொன்னால் பிரஷ் இல்லாத, நிரந்தரக் காந்த மோட்டார். வேகம் குறைவு, முறுக்கு விசை அதிகம் வேண்டும். அதனால் காந்தங்களின் எண்ணிக்கை கூடும். 12 ஸ்லாட்டுக்கு 14 காந்தம், 36 ஸ்லாட்டுக்கு 42 காந்தம் என்று வரும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. செய்த மினி சீட்டா என்ற நாலுகால் ரோபோவின் கால்களில் இருப்பது ட்ரோன், மாடல் விமானங்களுக்குப் போடும் வகை மோட்டார்தான். அதோடு 6:1 கியர் சேர்த்திருக்கிறார்கள். அது வந்த பிறகுதான் இந்தத் தட்டையான மோட்டார்களைத் தேடி இத்தனை பேர் அலைய ஆரம்பித்தார்கள் என்பது என் கணிப்பு.

எனக்கு இருபது வருஷமா பம்ப் மோட்டார் கட்டத் தெரியும். இதைக் கட்ட முடியாதா?

முடியும். ஆனால் கை மறக்க வேண்டிய பழக்கங்கள் சில உண்டு.

ஜி.டி. நாயுடு 1937-லேயே மின்மோட்டார் செய்த ஊரின் தொழில் இது, நமக்குக் கை உண்டு. பம்ப் மோட்டாரில் பார்மா என்ற அச்சில் காயிலைச் சுற்றி எடுத்து, ஸ்லாட் பேப்பர் வைத்து, கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, மேலே மூங்கில் குச்சி அடிப்போம். காயிலின் தலைப்பு, அதாவது ஸ்லாட்டுக்கு வெளியே நிற்கும் பகுதி, கொஞ்சம் புடைத்தால் ரப்பர் சுத்தியால் தட்டி அடக்குவோம். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் தண்ணீர் ஏறிவிடும், யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

மூட்டு மோட்டாரில் பார்மாவுக்கு வேலை இல்லை. ஒவ்வொரு பல்லின் மேலும் நேரடியாகச் சுற்ற வேண்டும். எங்களிடம் அடிக்கடி வரும் ஒரு ஸ்டேட்டர் 80 மி.மீ. விட்டம், 10 மி.மீ. கனம், 36 பல். ஒரு பல்லுக்கு 12 சுற்று, 0.4 மி.மீ. கம்பி மூன்றை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றுவது. ஸ்லாட்டின் வாய் ஒன்றரை மில்லிமீட்டர். சுத்தி எடுத்தால் அதோடு முடிந்தது.

அப்படியானால் மெஷின் போட்டுச் சுற்ற வேண்டியதுதானே?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஊசி வைண்டிங் மெஷின் இருக்கிறது. ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கம்பி வரும், குழாய் பல்லைச் சுற்றிச் சுற்றிப் போகும். ட்ரோன் மோட்டார்களை அப்படித்தான் ஆயிரக்கணக்கில் சுற்றுகிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், அந்தக் குழாய் ஸ்லாட்டின் வாய்க்குள் நுழைந்து போக வேண்டும். 0.4 கம்பி மூன்றை ஒன்றாக விட குழாய் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் வாய்க்குள் அது போகாது. ஒற்றைக் கம்பியாக விட்டால் போகும். ஆனால் பக்கத்துப் பல்லில் காயில் ஏறிய பிறகும் குழாய் போய்வர நடுவில் ஒரு சந்து விட வேண்டும். அந்தச் சந்தில் கடைசிவரை செம்பு ஏறாது. காற்றுதான் இருக்கும். முறுக்கு விசைக்காக உயிரை விடும் மோட்டாரில் அந்த இடம் வீணாவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

இதற்கு மாற்று, ஸ்டேட்டரையே பல் பல்லாக வெட்டிக்கொள்வது. ஒவ்வொரு பல்லும் தனித் துண்டு. தனியாகச் சுழல வைத்து, கம்பியை அடுக்கடுக்காகச் சுற்றி, பிறகு 36 துண்டையும் வளையமாகச் சேர்த்துப் பற்றவைப்பார்கள். செம்பு தாராளமாக ஏறும். ஆனால் 36 துண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும். காந்தத்துக்கும் பல்லுக்கும் இடையே உள்ள இடைவெளியே அரை மில்லிமீட்டர், சிலதில் அதற்கும் குறைவு. வளையம் கொஞ்சம் நீள்வட்டமானாலும் ரோட்டரைக் கையால் சுற்றும்போது ஒரு பக்கம் கட்டிப்பிடிக்கிற மாதிரி இருக்கும். ஒரே மாடலில் பல்லாயிரம் ஓடினால் இந்த வழிக்கு அச்சும் ஜிக்கும் போடலாம். ஐம்பது கேட்டு வருகிறவர்களுக்கு கைதான்.

எத்தனை சுற்று சுற்ற வேண்டும்? கூடச் சுற்றினால் பலம் கூடுமா?

கூடாது. இதை நம்பவைக்கத்தான் எனக்கு ரொம்ப நேரம் ஆகிறது.

சுற்றை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால், அதே ஸ்லாட்டில் இடம் பிடிக்க கம்பியின் குறுக்குப் பரப்பைப் பாதியாக்க வேண்டும். நீளம் இரண்டு மடங்கு, பரப்பு பாதி, அதனால் மின்தடை நாலு மடங்கு. ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கு இரண்டு மடங்கு. அதே முறுக்குக்குப் பாதி மின்னோட்டம் போதும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை என்பதால், கணக்குப் போட்டால் அதே வெப்பம்தான் வரும். அதாவது சுற்று எண்ணிக்கையை முடிவு செய்வது உங்கள் பேட்டரியின் வோல்ட்டும் மோட்டாரை ஓட்டும் டிரைவர் போர்டின் ஆம்பியரும். மோட்டாரின் பலத்தை முடிவு செய்வது ஸ்லாட்டுக்குள் மொத்தம் எவ்வளவு செம்பு போனது என்பது.

சரி, எவ்வளவு செம்பு போகும்?

உருண்டைக் கம்பியைச் சதுரமாக அடுக்கினால் இடத்தில் 78 சதவீதம்தான் நிரம்பும். தேன்கூடு மாதிரி அடுக்கினால் 90. இதில் கம்பியின் மேல் பூசிய எனாமலும் உண்டு. 0.5 மி.மீ. கம்பியை இரண்டாம் தர (தடிமனான) எனாமலோடு வாங்கினால் வெளி விட்டம் 0.566 வரை போகலாம். அந்த வட்டத்துக்குள் செம்பின் பங்கு 78 சதவீதம். 78-இல் 78 போட்டால் 61. அதிலிருந்து ஸ்லாட் பேப்பரைக் கழியுங்கள், இரண்டு காயிலுக்கும் நடுவில் விடும் இடத்தைக் கழியுங்கள், கம்பி ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே ஏறும் இடத்தைக் கழியுங்கள். கையால் சுற்றி 40 தொட்டால் நல்ல வேலை. மேலே சொன்ன 36 பல் ஸ்டேட்டரில் எங்களுக்கு 30-தான் வருகிறது. வாய் சின்னது.

எனாமல் மெல்லிய முதல் தரக் கம்பி போட்டால் இன்னும் ஏறும். நான் போடுவதில்லை. வாய் ஓரத்தில் உரசி எனாமல் போன அனுபவம் இருக்கிறது.

கம்பியை இழுத்துச் சுற்றினால் இறுக்கமாக வராதா?

வரும், ஆனால் செம்பு நீளும். ஒரு சதவீதம் நீண்டால் குறுக்குப் பரப்பு அதே அளவு குறையும், மின்தடை இரண்டு சதவீதம் கூடும். மூன்று கம்பியில் ஒன்றை மட்டும் கூட இழுத்திருந்தால் மூன்றும் மின்னோட்டத்தைச் சமமாகப் பகிராது. தளர விட்டால் வேறு தொல்லை. காயில் வயிறு தள்ளிக்கொண்டு பக்கத்துக் காயிலை முட்டும். எங்கள் அக்கா ஒருவர் ஒரு துண்டு ஃபெல்ட்டைக் கட்டைவிரலில் சுற்றி, கம்பியை அதன் வழியே விடுவார். அவர் கட்டும் மூன்று பேஸும் (மோட்டாரில் உள்ள மூன்று தனிக் காயில் தொடர்கள்) மீட்டரில் ஒட்டிப்பிறந்த மாதிரி காட்டும். நானும் அதே ஃபெல்ட்டை வாங்கிச் சுற்றிப் பார்த்தேன். அந்த மாதிரி வரவில்லை.

எந்தப் பல்லை எந்தப் பக்கம் சுற்றுவது? இதில் ஏன் இவ்வளவு தவறு நடக்கிறது?

12 பல், 14 காந்தத்துக்கு வரிசை இது. ஆர், ஒய், பி என்பவை மூன்று பேஸ். வலம் என்றால் கடிகாரத் திசை, இடம் என்றால் எதிர்த் திசை. ஆர் வலம், ஆர் இடம், ஒய் இடம், ஒய் வலம், பி வலம், பி இடம், ஆர் இடம், ஆர் வலம், ஒய் வலம், ஒய் இடம், பி இடம், பி வலம். 36 பல், 42 காந்தம் என்றால் இதையே மூன்று முறை. பல்லைப் பார்க்கும் திசையை மாற்றிக்கொள்ளாமல் எல்லாப் பல்லையும் வெளியிலிருந்தே பார்த்துச் சுற்ற வேண்டும்.

தவறு பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னும் பின்னும் நடக்கிறது. 36 பல் ஸ்டேட்டரில் ஒரு பல்லில் திசை மாறினால் அந்த பேஸில் 12 பல்லில் ஒன்று எதிராக வேலை செய்யும். 12-க்குப் பதில் 10 பல்லின் பலன். ஆறில் ஒரு பங்கு போச்சு. மின்தடையை அளந்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, கம்பி நீளம் அதேதானே! இன்சுலேஷனை அளக்கும் மெக்கரும் நல்ல பிள்ளையாக மெகா ஓம் காட்டும். மோட்டாரும் ஓடும். கொஞ்சம் உறுமும், அவ்வளவுதான்.

ஒரு முறை இப்படி நாலு ஸ்டேட்டர் எங்களிடமிருந்து போய்விட்டன. ரோபோ செய்தவர்கள் இரண்டு வாரம் தங்கள் சாஃப்ட்வேரில் தவறு தேடியிருக்கிறார்கள். அதன் பிறகு பல்லுக்குப் பக்கத்தில் மார்க்கரால் அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். ஒரு பேஸ் முடியாமல் யாரும் எழுந்து போகக் கூடாது என்பதும் அன்றிலிருந்துதான்.

அதிகம் கெட்டுப்போவது எந்த இடம்?

ஸ்லாட்டுக்குள் இருக்கும் கம்பி கெட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. கெடுவதெல்லாம் ஸ்டேட்டருக்கு வெளியே இருக்கும் இரண்டு, மூன்று மில்லிமீட்டரில்தான்.

முதலில் பல்லின் முனை. ஸ்டேட்டர் மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கியது, தகடு வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். கம்பி அங்கேதான் மடங்கித் திரும்புகிறது. பம்ப் மோட்டாரில் பேப்பரைக் கொஞ்சம் வெளியே மடித்துவிட்டால் போதும். இங்கே பேப்பருக்கே இடம் கிடையாது. அதனால் ஸ்டேட்டர் முழுவதும் எப்பாக்ஸி பவுடர் பூசுவார்கள். பவுடர் பூச்சுக்கு ஒரு குணம் உண்டு. தட்டையான இடத்தில் தடிமனாக நிற்கும், கூரான ஓரத்தில் உருகும்போது வழிந்து மெலிந்துவிடும். நமக்கு எங்கே வேண்டுமோ அங்கேதான் இருக்காது. அதனால் பூசுவதற்கு முன் ஓரத்தை மழுக்க வேண்டும். அல்லது இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி வைக்க வேண்டும்.

அடுத்தது காயிலின் தலைப்பு உயரம். டிராயிங்கில் இரண்டு பக்கமும் 3 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் கியர் பாக்ஸ் மூடி, மறுபக்கம் ரோட்டரின் கோணத்தை அளக்கும் என்கோடர் போர்டு. பல்லிலிருந்து பல்லுக்குத் தாவும் கம்பிகள், மூன்று பேஸின் முனைகள், அவை ஒன்று சேரும் ஸ்டார் முடிச்சு எல்லாமே அந்த 3 மில்லிமீட்டரில் படுக்க வேண்டும். டிராயிங் போடுகிறவர் காயிலின் உயரத்தை மட்டும் கணக்கில் எடுத்திருப்பார். முடிச்சும் ஸ்லீவும் நினைவுக்கு வராது. தம்பிகளே, அடுத்த முறை டிசைன் செய்யும்போது அதற்கு மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் தனியாக விடுங்கள்.

மூன்றாவது சால்டர். வெப்பம் தாங்குகிற, 200 டிகிரி வகுப்புக் கம்பியின் எனாமல் சால்டர் சூட்டில் போகாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டும்போது செம்பில் கீறல் விழும். ரோபோ குதிக்கும், இறங்கும், அதிரும். கீறல் விழுந்த இடத்தில் ஒரு நாள் கம்பி ஒடியும். சால்டர் ஈயம் கம்பி வழியே ஏறி விறைத்துப்போன இடமும் அப்படித்தான். அதனால் சால்டருக்கு அடுத்த சில மில்லிமீட்டரை நூலால் கட்டி, காயிலோடு சேர்த்து அசையாமல் பசை வைக்கிறோம். இந்த நூல் கட்டு மட்டும் பம்ப் மோட்டார்க்காரர் கையில் பிசகாமல் வரும்.

வார்னிஷ் போதுமா? எப்பாக்ஸி ஊற்ற வேண்டுமா?

வார்னிஷ் கம்பியை அசையாமல் பிடிக்கும், ஈரம் புகாமல் பார்க்கும். வெப்பத்தைக் கடத்துவதில் அது பெரிய ஆள் இல்லை. ஆனாலும் காற்றைவிடப் பல மடங்கு மேல். வெப்பம் கடத்தும் எப்பாக்ஸி என்றால் வார்னிஷைவிட ஐந்தாறு மடங்கு நன்றாகக் கடத்தும். மூட்டு மோட்டாருக்கு ஃபேன் கிடையாது. வெப்பம் காயிலிலிருந்து பல்லுக்கு, பல்லிலிருந்து அலுமினிய உறைக்கு என்று நடந்துதான் வெளியேற வேண்டும். அதனால் ஊற்றினால் நல்லதுதான்.

ஆனால் வெற்றிடத்தில் வைத்து ஊற்ற வேண்டும். சும்மா ஊற்றினால் கம்பிகளுக்கு நடுவே குமிழி நிற்கும். வெளியே பார்க்க பளபளவென்று இருக்கும், உள்ளே காற்று. ஊற்றுவதற்கு முன் ஸ்டேட்டரைச் சூடாக்கி ஈரத்தை ஓட்டுங்கள். பெங்களூரில் மழைக்காலத்தில் இதை விட்டால் மெக்கர் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஊர் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறதே, காற்று மெலிந்து குளிர்ச்சி குறையுமா என்று ஒருவர் கேட்டார். மோட்டார் தர விதிகளில் 1000 மீட்டர் வரை எதையும் குறைக்க வேண்டியதில்லை. தப்பித்தோம்.

கட்டி முடித்த பிறகு எப்படிச் சோதிப்பது?

சாதாரண மல்டிமீட்டரை ஓரமாக வையுங்கள். மேலே சொன்ன ஸ்டேட்டரில் ஒரு பேஸின் மின்தடை கால் ஓமுக்கும் குறைவு. மல்டிமீட்டரின் ஒயர் தடையே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். ஒரு பேஸுக்கு 144 சுற்று. அதில் ஒன்று குறைந்தால் இரண்டு மில்லி ஓம் கூட மாறாது. நாலு ஒயர் வைத்து அளக்கும் மில்லி ஓம் மீட்டர் வேண்டும். அறையின் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் மாறும். காலையில் கட்டியதையும் மதியம் கட்டியதையும் ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டாம்.

பாடி ஷார்ட்டுக்கு, அதாவது காயிலிலிருந்து ஸ்டேட்டர் இரும்புக்கு மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க, உயர் வோல்ட் சோதனை. 100 வோல்ட்டுக்கும் ஒரு கிலோவாட்டுக்கும் கீழே உள்ள மோட்டாருக்கு விதி, 500 வோல்ட்டோடு மோட்டார் வோல்ட்டின் இரண்டு மடங்கைக் கூட்டுவது. 48 வோல்ட் மோட்டாருக்கு 596. இதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். மறுபடியும் செய்தே ஆக வேண்டுமென்றால் அதில் 80 சதவீதம்தான்.

சுற்றுக்குச் சுற்று ஷார்ட் இருந்தால் இந்த இரண்டிலும் மாட்டாது. அதற்கு, காயிலுக்குள் மின்துடிப்பு அனுப்பிப் பார்க்கும் சர்ஜ் டெஸ்டர். மூன்று பேஸின் அலையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போது ஒன்று மட்டும் விலகி நிற்கும். டெஸ்டர் வாங்கக் காசு இல்லையா? ரோட்டரைப் போட்டு, ஒயர் முனைகளை ஒன்றோடொன்று தொடாமல் விட்டு, கையால் சுற்றுங்கள். ஷார்ட் இருந்தால் தேனில் சுற்றுகிற மாதிரி இழுக்கும்.

கடைசியில் டிரில் மெஷினில் ரோட்டரைப் பிடித்துச் சுற்றி, மூன்று பேஸின் வோல்ட்டையும் ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். திசை மாறிய பல் இங்கேதான் பிடிபடும். ஒரு பேஸ் மட்டும் ஆறில் ஒரு பங்கு குட்டையாக நிற்கும்.

சூட்டை அளக்க தெர்மிஸ்டர் ஒன்று வைத்தால் போதாதா?

போதாது. ஓடும் மோட்டாரில் மூன்று பேஸும் சமமாகச் சுடும். ரோபோ முழங்காலை மடக்கி அப்படியே நின்றால் மோட்டார் சுற்றாது, மின்னோட்டம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். நிற்கும் கோணத்தைப் பொறுத்து ஒரு பேஸில் முழு மின்னோட்டமும் மற்ற இரண்டில் பாதிப் பாதியும் போகலாம். வர்க்கம் போட்டால் மொத்த வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே பேஸில் விழும். உங்கள் தெர்மிஸ்டர் பக்கத்து பேஸில் இருந்தால், இங்கே காயில் கருகும்போதும் அது நிதானமாக இருக்கும். மூன்று பேஸுக்கும் ஒவ்வொன்று வையுங்கள். செலவு ஒன்றும் பெரிதில்லை.

பெங்களூரில் பொருளெல்லாம் கிடைக்குமா?

கம்பி, ஸ்லீவ், பேப்பர், சால்டர் சாமான் எல்லாம் சில்லறையாக எஸ்.பி. ரோட்டுப் பக்கம் தேடிப் பிடிக்கலாம். கம்பி வாங்கும்போது ஐ.எஸ். 13730 முத்திரையும் வெப்ப வகுப்பும் பார்த்து வாங்குங்கள். மாதிரி ஸ்டேட்டருக்கான தகட்டை பீன்யாவிலேயே லேசரிலோ, மின்பொறியால் வெட்டும் ஒயர் கட் மெஷினிலோ வெட்டித் தருவார்கள். லேசரில் ஓரம் வெந்து காந்த குணம் கெடும். ஒயர் கட் முறையில் தகடுகளின் ஓரம் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆகும். மெல்லிய பல்லில் இரண்டும் தெரியும். மாதிரிக்குச் சரி, உற்பத்திக்கு அச்சு போட்டுத்தான் ஆக வேண்டும்.

காந்தம்தான் தலைவலி. சூடு தாங்கும் நியோடைமியம் காந்தத்தில் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்ப்பார்கள். 2025 ஏப்ரலில் சீனா இவற்றுக்கும் இவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்றது. சாதா 'N' தரக் காந்தம் 80 டிகிரி வரைதான். அதைப் போட்டுவிட்டு 155 டிகிரி வகுப்புக் கம்பி கட்டுவதில் அர்த்தமே இல்லை. கம்பி தாங்கும், காந்தம் செத்துவிடும்.

எரிந்துபோன மூட்டு மோட்டாரை ரீவைண்டிங் செய்து தருவீர்களா?

வார்னிஷ் மட்டும் போட்டதென்றால் கொண்டு வாருங்கள், பார்க்கலாம். எப்பாக்ஸி ஊற்றியது என்றால் மாட்டோம். பம்ப் ஸ்டேட்டரைப் போல அடுப்பில் வைத்துக் கொளுத்தி உரிக்கலாம் என்று ஒருவர் முயன்று எடுத்து வந்தார். காயில் வந்துவிட்டது. கூடவே தகடுகளுக்கு நடுவில் இருந்த பூச்சும் வெந்துவிட்டது. புதுக் காயில் கட்டி ஓட்டியபோது சுமையே இல்லாமல் பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு. அந்த ஸ்டேட்டர் இப்போது எங்கள் மேசையில் சாவி மாட்டும் வளையமாக இருக்கிறது.